முதலில் மீண்டது எது?

ஒரு வீட்டில் தீப்பற்றும்போது அவ்வீட்டார் எதை முதலில் வெளியே தூக்கி வருகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்கள் மனத்தின் வரிசையை அறிந்துகொள்ளலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையையா, பத்திரங்கள் இருக்கும் பெட்டியையா, நடக்க இயலாத முதியவரையா? அமைதியான நாள்களில் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த ஒரு கணத்தில் உரைகல்லில் தேய்க்கப்படுகிறது. தனி மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஊர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஊருக்குரிய சோதனை அழிவின் வேளையில் வருவதில்லை. அழிவு நீங்கிய பின்னர், எதை முதலில் மீட்டெடுப்பது என்று தீர்மானிக்கும் வேளையில் வருகிறது.

இவ்வினாவை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியில் உள்ள மிசிசிப்பி மாநிலக் கடற்கரை நம் நினைவுக்கு வருகிறது. 2005 ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி அக்கரையைத் துடைத்தெறிந்தது. அங்கே வீடுகளும் ஆலயங்களும் பள்ளிகளும் படகுகளும் அழிந்தன. அவற்றோடு 'கேசினோ' எனப்படும் சூதாட்ட விடுதிகளும் அழிந்தன. ஆனால் அவை எல்லாம் ஒரே வேகத்தில் மீளவில்லை. ஏன் மீளவில்லை என்பதை ஆராய்வது, அந்நாட்டினர்மீது குற்றம் சுமத்துவதற்காக அன்று. மீட்சி என்று நாம் எதைக் கருதுகிறோம் என்பதை நமக்கு நாமே தெளிவுபடுத்திக்கொள்வதற்காகவே.

மிதக்கும் சட்டம்

மிசிசிப்பி மாநிலம் பெரும்பாலும் பாப்திஸ்து சபையினர் வாழும் நிலம். ஆயினும் 1699 இல் பிரெஞ்சுக்காரர் வந்திறங்கிய அதன் கடற்கரைப் பகுதி மட்டும் தொடக்கமுதலே கத்தோலிக்க மணம் கமழ்வது. பிலோக்சி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1977 இல் அங்கே தனி மறைமாவட்டம் உருவாயிற்று. இறாலும் சிப்பியும் அந்நகரின் செல்வம். ஐரோப்பாவின் தால்மேசியக் கரையிலிருந்து வந்தவர்களும், லூசியானாவின் பிரெஞ்சு வழியினரும், 1970களின் இறுதியிலிருந்து வியட்நாமிய அகதிகளும் அங்கே வலை வீசி வாழ்ந்தனர். ஆண்டுதோறும் இறால் படகுகள் அணிவகுத்து வர, அவற்றை ஆசீர்வதிக்கும் விழா 1929 முதல் அங்கே நடைபெறுகிறது. நம் கடலோரப் பங்குகளை அறிந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

மீன்பிடித் தொழில் நலிந்து, சுற்றுலாவும் சோர்ந்திருந்த நிலையில், 1990 இல் மாநிலச் சட்டமன்றம் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி அளித்தது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: விடுதி மாநிலத்தின் மண்ணில் நிற்கக் கூடாது, நீரில் மிதக்கவேண்டும். மிசிசிப்பி ஆற்றிலும் வளைகுடாக் கரையிலும் மட்டுமே, அதுவும் அந்தந்த மாவட்ட மக்கள் எதிர்க்காவிடில், அவை நங்கூரமிடலாம். 1992 ஆகஸ்டில் பிலோக்சியில் முதல் விடுதிகள் திறக்கப்பட்டன.

இந்நிபந்தனையின் பொருளை நாம் சற்றே சிந்திக்கவேண்டும். தொடக்கத்தில் ஆற்றுக் கப்பல்களின் சாயலில் வந்த விடுதிகள், சில ஆண்டுகளிலேயே பல மாடிக் கட்டடங்களைச் சுமந்த, இயந்திரம் ஏதுமற்ற, எங்கும் பயணம் போகாத பெரும் மிதவைகளாயின. அவற்றுக்கு அருகிலேயே நிலத்தில் தங்கும் விடுதி, உணவகம், வாகன நிறுத்தம் எல்லாம் எழுந்தன. நிலத்தையும் மிதவையையும் இணைத்த நடைகூடத்தில், எந்த இடத்தில் மண் முடிந்து நீர் தொடங்குகிறது என்பது விருந்தினருக்குத் தெரியவே தெரியாது. எனினும் சட்டத்தின் கண்ணில் சூதாட்டம் மாநிலத்துக்குள் நுழையவில்லை. அது கடலில் மிதந்துகொண்டிருந்தது! வேண்டாத ஒன்றை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று வாக்களித்துவிட்டு, அதைத் திண்ணையில் அமரவைத்து வாடகை வாங்கும் மனநிலை அது. அந்த வாடகையும் சிறிதன்று. விடுதிகளின் சூதாட்ட வருவாயில் ஏறத்தாழ 12 விழுக்காடு வரியாக மாநிலத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் சென்றது. சாலைகளும் பள்ளிகளும் அப்பணத்தால் பயன்பெற்றன. மனச்சான்று மிதவையில் இருந்தது. கருவூலம் கரையில் இருந்தது.

அந்த ஒரு நாள்

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. நம் கரையை ஆழிப்பேரலை தாக்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. கத்ரீனாவின் கடல் பெருக்கு பாஸ் கிறிஸ்டியன் ஊர்ப் பகுதியில் ஏறத்தாழ 28 அடி உயரத்துக்கு எழுந்தது. பிலோக்சியில் 20 அடிக்கு மேல் எழுந்தது. 1969 இல் அடித்த கமில் சூறாவளியைக் கண்டிருந்த முதியோர் பலர், அன்று வராத நீர் இன்று வராது என்று நம்பித் தம் வீடுகளிலேயே தங்கினர். மிசிசிப்பி மாநிலத்தில் மட்டும் 230 பேருக்கு மேல் மாண்டனர். கடலோரச் சாலையை ஒட்டிய தெருக்கள் பலவற்றில், வீடு இருந்ததற்கு அடையாளமாகச் சிமென்ட் தளம் மட்டுமே எஞ்சியது. லாங் பீச் ஊரில், நம் மண்ணுக்கு நற்செய்தி கொணர்ந்த புனித தோமையாரின் பெயர் தாங்கிய ஆலயம் அழிந்தது.

ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள சூதாட்ட மிதவைகள் தளையறுந்து கரையேறின. நெடுஞ்சாலையைக் கடந்து சில போய்க் கிடந்தன. ஒன்று, சாலைக்கு அப்பால் இருந்த வேறொரு தங்கும் விடுதியின்மேல் போய் அமர்ந்தது. சட்டமன்றம் பதினைந்து ஆண்டுகளாக மண்ணில் கால்வைக்க விடாத சூதாட்டத்தைக் கடலே தூக்கிக் கொணர்ந்து கரையில் போட்டதுபோல் அக்காட்சி இருந்தது.

இதைக் கண்டு, அக்கரையின் சூதாட்டத்துக்கும் தீயொழுக்கத்துக்கும் கடவுள் அளித்த தண்டனை இது என்று சொன்னவர்கள் உண்டு. அண்டை மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே அவ்வாறு எழுதினார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகளோ என்ற எண்ணத்தை நம் ஆண்டவர் மறுத்ததை இவர்கள் மறந்தனர். மேலும் இக்கூற்று நிகழ்ந்தவற்றோடும் பொருந்தவில்லை. சூதாட்ட விடுதியின் வாயிலையே மிதியாத மூதாட்டியின் வீடு போயிற்று. திருத்தூதர் பெயரிலான ஆலயம் போயிற்று. சூதாட்ட விடுதிகளோ எல்லாவற்றுக்கும் முன்பாக எழுந்து நின்றன. தண்டிக்கப்பட்டவர் முதலில் நலம்பெறும் தண்டனை எத்தகைய தண்டனை? புயலில் கடவுளின் சினத்தைத் தேடுவோர், புயலுக்குப் பின் மனிதர் எடுத்த முடிவுகளைப் பார்க்கத் தவறிவிடுகின்றனர். நாம் கணக்குக் கொடுக்கவேண்டியது அம்முடிவுகளுக்கே.

மீட்சியின் வரிசை

அம்முடிவுகளைக் காலவரிசையில் காண்போம். விடுதிகள் மூடிக்கிடந்த ஒவ்வொரு நாளும் மாநிலம் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் வரியை இழந்துகொண்டிருந்தது. அவற்றில் வேலை பார்த்த ஏறத்தாழ 14,000 பேர் வேலையிழந்து நின்றனர். ஆளுநர் ஹேலி பார்பர் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். சமய அமைப்புகள் சில எதிர்த்தன. எனினும் கரையிலிருந்து 800 அடி தொலைவுக்குள் விடுதிகளை நிலத்திலேயே கட்டலாம் என்ற சட்டம் நிறைவேறியது; அக்டோபர் 17 அன்று ஆளுநர் அதில் கையொப்பமிட்டார். புயலடித்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக ஏழு வாரங்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று விடுதிகள் மீண்டும் திறக்கப்பட்டன. கட்டடங்கள் அதிகம் சிதையாதவை அவை. கரையின் மிகப் பெரிய விடுதிகளுள் ஒன்றான போ ரிவாஜ், ஏறத்தாழ 55 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2006 ஆகஸ்ட் 29 அன்று, புயலின் முதலாம் ஆண்டு நினைவு நாளிலேயே, கதவு திறந்தது. புயலுக்குச் சில நாள்களுக்குப் பின் திறக்கப்படுவதாக இருந்து சிதைந்துபோன மற்றொரு புதிய விடுதி 2007 ஜூலையில் திறக்கப்பட்டது. அந்த 2007 ஆம் ஆண்டில் கடற்கரை விடுதிகளின் மொத்த வருவாய் ஏறத்தாழ 130 கோடி டாலர். புயலுக்கு முந்திய ஆண்டின் வருவாயையும் அது விஞ்சியது. கணக்கு ஏட்டின்படி பார்த்தால் மீட்சி இரண்டரை ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது.

மனிதரின் ஏடு வேறுவிதமாக எழுதப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் நடுவண் அரசு கொடுத்த வண்டி வீடுகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அவ்வீடுகளின் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சாவி மிகுதியாக வெளிவருவதை 2008 இல் அரசின் ஆய்வே உறுதிசெய்தது. வீடிழந்தோர்க்கு 1,50,000 டாலர் வரை வழங்கும் திட்டம் வந்தது. ஆயினும் அதன் முதற்கட்டம், வெள்ள அபாய எல்லைக்கு வெளியே இருந்த, வீட்டுக் காப்பீடு எடுத்திருந்த, சொந்த வீட்டுக்காரர்களுக்கே உரியதாயிற்று. காப்பீட்டுத் தவணை கட்ட இயலாத ஏழைகள் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்தனர். வாடகைக்குக் குடியிருந்தோர் அவ்வுதவியின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. வீட்டுவசதிக்கென வந்த நடுவண் நிதியில் ஏறத்தாழ 57 கோடி டாலரை மாநில அரசு கல்ஃப்போர்ட் துறைமுக விரிவாக்கத்துக்குத் திருப்பியது. துறைமுகம் வேலை தரும், வேலை வீடு தரும் என்பது அதன் வாதம். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பும் வீட்டுரிமை அமைப்பு ஒன்றும் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தன. 2010 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அதுவரை விடுபட்ட வீடுகளுக்காக 13 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அப்போது புயலடித்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

மற்றொரு கணக்கும் உண்டு. 2000 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிலோக்சியில் வாழ்ந்தோர் 50,644 பேர். 2010 இல் 44,054 பேர். 2020 இல் 49,449 பேர். வருவாய் இரண்டரை ஆண்டுகளில் பழைய அளவைக் கடந்தது. மக்கள்தொகையோ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய எண்ணை எட்டவில்லை.

சூதாடாத ஒருவர்

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாரோ சிலரின் கொடுமனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. இதன் வேரைக் காண, சூதாட்டம் என்றால் என்ன என்பதையே சற்று உற்றுநோக்கவேண்டும்.

சூதாட்டம் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நிதானமாகவே பேசுகிறது. விளையாட்டும் பந்தயமும் தம்மிலேயே அநீதியானவை என்று அது தீர்ப்பிடவில்லை. ஒருவருடைய வாழ்வுக்கும் அவரை நம்பி இருப்போர் வாழ்வுக்கும் தேவையானதை அவை பறிக்கும்போதும், மனிதரை அடிமையாக்கும்போதும் அவை தீமையாகின்றன என்றே அது கற்பிக்கிறது. சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலை விழுங்கும் மீனின் நிலைக்கு ஒப்பிட்டார். மீனவர் நகரமான பிலோக்சிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமா?

ஆனால் தூண்டிலை ஏந்தி நிற்பவரைப் பற்றியும் நாம் சிந்திக்கவேண்டும். அமெரிக்க விடுதிகளில் சுழலும் ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 1 முதல் 36 வரை எண்களும், ஒற்றைச் சுழியும், இரட்டைச் சுழியுமாக 38 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின்மேல் ஒரு டாலர் வைத்து வென்றவருக்குக் கிடைப்பது 35 டாலர். நேர்மையான கணக்கின்படி 37 டாலர் கிடைக்கவேண்டும். இந்தச் சிறு வேறுபாட்டால், மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் விடுதிக்கு உரியதாகிறது. ஒருவர் ஓரிரவில் வெல்லலாம், மற்றவர் தோற்கலாம். ஆனால் ஆயிரமாயிரம் சுழற்சிகளில் விடுதி தோற்பதே இல்லை. அந்தக் கூடத்தில் எல்லாரும் சூதாடுகின்றனர், சூதாடாதவர் ஒருவரே. அவர் விடுதியின் உரிமையாளர்.

புயலின் முன்னும் அவர் சூதாடவில்லை. கட்டடத்துக்குக் காப்பீடு செய்திருந்தார். கட்டடம் மூடிக்கிடக்கும் நாள்களில் வரவேண்டிய வருவாய்க்கும்கூடப் பெரிய நிறுவனங்கள் காப்பீடு செய்திருந்தன. வேறு மாநிலங்களில் அவற்றுக்கு வேறு விடுதிகள் இருந்தன. கடன் கொடுக்க வங்கிகள் இருந்தன. குறை கேட்கச் சட்டமன்றம் இருந்தது. புயல் மண்டல மீட்புக்காக 2005 டிசம்பரில் நாடாளுமன்றம் வரிச்சலுகைச் சட்டம் இயற்றியபோது, சூதாட்டக் கூடங்களுக்கு அச்சலுகை கிடையாது என்று விலக்கியது. ஆனால் அதே விடுதியின் தங்கும் அறைகளுக்கு அவ்விலக்குப் பொருந்தவில்லை. மீண்டும் மிதவைச் சட்டத்தின் மனநிலை! கூடத்தைக் கண்டிப்போம், படுக்கையறையைப் போற்றுவோம் என்பதுபோல.

இனி, அதே கடற்கரையில் சிறு வீட்டில் வாழ்ந்தவரைப் பார்ப்போம். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சக்கரத்தின் முன் அமராதவராக இருக்கலாம். மாதந்தோறும் வீட்டுக் காப்பீட்டுக்குத் தவணை கட்டியவராகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய காப்பீட்டு ஒப்பந்தம் காற்றால் வரும் சேதத்தை ஏற்றது. வெள்ளத்தால் வரும் சேதத்தை ஏற்கவில்லை. வெள்ளக் காப்பீடு என்பது 1968 முதல் நடுவண் அரசு நடத்திவரும் வேறொரு திட்டம். அவருடைய தெரு வெள்ள அபாய எல்லைக்கு வெளியே இருப்பதாக அரசின் வரைபடம் காட்டியதால், அதை வாங்கவேண்டிய கட்டாயம் இல்லையென்று அவர் இருந்தார். புயலுக்குப் பின் எஞ்சியதோ சிமென்ட் தளம் மட்டும். வீட்டைத் தகர்த்தது காற்றா, நீரா? இவ்வினாவுக்கு விடை காண வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சான்று சொல்லவேண்டிய சுவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அன்பு வாசகரே, இங்கேதான் நம் வினாவின் மையம் இருக்கிறது. சூதாட்ட விடுதியின் உரிமையாளர் சூதாடவில்லை. சூதாட்டத்தை வெறுத்த ஏழை சூதாடியிருக்கிறார், தாம் சூதாடுகிறோம் என்று அறியாமலேயே. காற்று என்று எழுதப்பட்ட கட்டத்தில் அவர் தம் வாழ்நாள் உழைப்பை வைத்திருந்தார். நீர் என்ற கட்டத்தில் பந்து விழுந்தது. சூதாட்டம் இல்லாத இடர் ஒன்றைப் புதிதாக உண்டாக்குகிறது. காப்பீடோ, ஏற்கெனவே இருக்கும் இடரைப் பலரும் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடு. ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவதன் பொருளாதார வடிவம். அது தன் இயல்புக்கு உண்மையாக இருக்கும்வரை சூதுக்கு நேர் எதிரானது. ஆனால் வலியவர் எல்லா இடர்களிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளவும், எளியவர் நுண்ணெழுத்தில் எழுதப்பட்ட ஒரு சொல்லால் கைவிடப்படவும் இடமளிக்கும்போது, அதுவும் ஒரு சக்கரமாகிவிடுகிறது. அச்சக்கரத்திலும் விடுதிக்காரர் தோற்பதில்லை.

ஊதியமும் ஒழுக்கமும்

இவ்வளவும் சொன்னபின், நேர்மையான ஒரு மறுப்புக்கு நாம் செவிகொடுக்கவேண்டும். விடுதிகளை விரைந்து திறந்ததில் தவறென்ன? அங்கே படுக்கை விரித்தவர்களும், பாத்திரம் கழுவியவர்களும், சீட்டு வழங்கியவர்களும் ஏழைகளே. இறால் தொழில் கைவிட்ட வியட்நாமியக் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கும் அங்கேதான் வேலை. சில நிறுவனங்கள் விடுதி மூடிக்கிடந்தபோதும் 90 நாள்கள் ஊதியம் வழங்கின. இதையும் நாம் மறைக்கலாகாது. வீடிழந்து கூடாரத்தில் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாயிடம், உன் பணியிடம் ஒழுக்கக்கேடானது, அது திறக்காமலிருப்பதே நன்று என்று சொல்லும் துணிவு நம்மில் யாருக்கு உண்டு? அவ்வாறு சொல்பவர் அவருக்கு வேறு வேலை தேடித்தரும் கடமையையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

எனவே, திறந்தது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. இரண்டைச் சொல்கிறோம்.

முதலாவது, விரைவு இயலாத ஒன்றன்று என்பது இங்கே மெய்ப்பிக்கப்பட்டது. ஏழு வாரத்தில் சட்டத்தைத் திருத்த முடிந்தது. பதினைந்து ஆண்டுகள் புனிதம்போல் காக்கப்பட்ட எல்லையை 800 அடி நகர்த்த முடிந்தது. அதே அரசு, அதே கடற்கரை, அதே புயல். ஆனால் விடுபட்ட ஏழைகளின் வீட்டுக்கு ஐந்து ஆண்டுகளும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன. விடுதிகள் இழந்ததை நாள்கணக்கில் டாலரில் எண்ணிச் சொல்ல ஆள் இருந்தது. வாடகை வீட்டில் வாழ்ந்த விதவை இழந்ததை எண்ணிச் சொல்ல யாருமில்லை. எண்ணப்படுவது முதலில் மீள்கிறது, எண்ணப்படாதது காத்திருக்கிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயரின் கணக்கு இதற்கு நேர்மாறானது. வணிகன் கண்ணுக்கு அது நட்டக் கணக்கு. ஆனால் அவர் அந்த ஒன்றும் காணாமற்போனதை அறியும்படி ஒவ்வோர் ஆட்டையும் எண்ணி வைத்திருந்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

இரண்டாவது, வேலையைக் காரணம் காட்டி மனிதரைப் பின்னுக்குத் தள்ளும் வாதம் தன்னையே மறுத்துக்கொள்கிறது. உழைப்பு மனிதருக்காக உள்ளது, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 இல் எழுதிய தொழில் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். விடுதிகள் திறந்தபோது ஆள் போதவில்லை. ஏனெனில் பணியாளர் தங்க வீடில்லை. வீடின்றி வேலை நிலைக்காது என்பதைச் சந்தையே அங்கே கற்றுக்கொடுத்தது. ஒரே தொழிலைச் சார்ந்த ஊர் எத்துணை மெலிந்தது என்பதும் பின்னர் மீண்டும் தெரிந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின்போது மாநில ஆணையால் எல்லாச் சூதாட்ட விடுதிகளும் மூடப்பட்டபோது, கடல் அமைதியாகத்தான் இருந்தது; காற்றும் அடிக்கவில்லை. ஆயினும் ஊரின் அடுப்புகள் இரு மாதங்கள் தடுமாறின. ஓர் ஊர் தன் பிழைப்பு முழுவதையும் ஒரே கட்டத்தில் வைப்பதும் ஒருவகைச் சூதுதான்.

நீதியும் இரக்கமும்

இத்துன்பத்தில் ஒளியாக நின்ற ஒன்றையும் சொல்லவேண்டும். நாடெங்கிலுமிருந்து சபை வேறுபாடின்றிக் கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் அக்கரைக்கு வந்தனர். மாணவர்களும் ஓய்வுபெற்றோரும் விடுமுறையில் வந்து சேற்றை அள்ளினர், சுவர் எழுப்பினர், கூரை வேய்ந்தனர். அரசின் பட்டியலில் இடம்பெறாத வீடுகள் பல அவர்களுடைய கைகளால் நிமிர்ந்தன. அவர்களை நாம் வாழ்த்துகிறோம். அவ்வாறு வாழ்த்தும்போதே, 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் தந்த எச்சரிக்கை நம் நினைவுக்கு வருகிறது: நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை இரக்கத்தின் கொடையாக நீட்டக் கூடாது என்பது அது. சூதாட்ட விடுதிக்குச் சட்டமும் முதலீடும் உரிமையாக வந்தன. ஏழைக்கு வீடு பிறர் அன்பின் பிச்சையாக வந்தது. இரக்கம் தன் கடமையைச் செய்தது. நீதியின் வேலையையும் சேர்த்துச் செய்தது. இரக்கத்துக்கு அது பெருமை. நீதிக்கு அது இழுக்கு.

இதில் பொதுநிலையினருக்கு உரிய பங்கு ஒன்று உண்டு என்று நாம் கருதுகிறோம். சட்டம் இயற்றும் அவையிலும், காப்பீட்டு அலுவலகத்திலும், வங்கியிலும், நகராட்சியிலும், நாளிதழிலும் இருப்பவர்கள் அவர்களே. பலிபீடத்தில் நிற்கும் குருவன்று. எந்த இழப்பு ஏட்டில் பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது, ஒப்பந்தத்தின் எந்தச் சொல் யாரைக் கைவிடுகிறது, நிவாரணப் பட்டியலின் எந்த நிபந்தனை வாடகைக்காரரை வெளியே நிறுத்துகிறது என்பதெல்லாம் அவர்களுடைய மேசைமேல்தான் தீர்மானமாகின்றன. அந்த மேசையில் எளியவரின் இழப்பையும் எண்ணிச் சேர்ப்பவர், புயல் வரும் முன்னரே ஒரு வீட்டைப் பாறைமேல் கட்டுகிறார்.

மணல்மேல் வீடு கட்டியவர் அறிவிலி என்று நற்செய்தி கூறுகிறது. பாறை இருக்கையில் மணலைத் தேர்ந்துகொண்டவரையே அவ்வுவமை சுட்டுகிறது. பிலோக்சியின் ஏழைக்கு மணல் மட்டுமே கிடைத்தது. பாறையை யார் யாருக்குப் பங்கிட்டார்கள் என்பது வேறு வினா. அவ்வினாவைக் கேட்கவேண்டியவர்கள் நாம். நாம் வாழும் ஊரில் நாளை ஓர் அழிவு நேர்ந்து, ஓராண்டுக்குப் பின் நினைவு நாள் வரும்போது, விளக்குகளோடு திறந்திருக்கும் முதல் கதவு யாருடைய கதவாக இருக்கும்? அந்த விடை அன்று தீர்மானிக்கப்படுவதில்லை. நாம் யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதில் அது இன்றே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.